நான் சொல்லாத வார்த்தை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இளநீர் விற்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது.

எதிரே பூக்கடை வைத்திருந்த மணி, மொபெட்டில் வந்தபோது என் கண் முன்னால்தான் லாரி மோதி இறந்தார். விசாரிக்க வந்த நிருபரிடம், "பார்த்தேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பேப்பரில், மணிதான் வேகமாக வந்தார் என்று நான் சொன்னதாகப் போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் மனைவி வந்தார்.

"நாப்பதுக்கு மேல போகாத வண்டிண்ணா அது. நீங்களா இப்படிச் சொன்னீங்க?"

"நான் சொல்லலம்மா."

"அப்ப உங்க பேரு எப்படி வந்துச்சு?"

நிருபருக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னது கம்மிண்ணே. ஏஐகிட்ட எழுதச் சொன்னேன், மிச்சத்தை அதுவே சேத்துடுச்சு. நானும் சரியா பார்க்கல. திருத்தம் போட்டுடுறோம்" என்றார்.

மூன்றாம் நாள் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. மணியின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"நீங்க அப்படிச் சொல்லலைனு போட்டிருக்கு. அவரு மெதுவா வந்தாருனு போடலையேண்ணா."

மணி ஓரமாக, மெதுவாகத்தான் வந்தார். அன்று நிருபர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.