கடைசிச் சீட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலதான் சுங்குவார்சத்திரத்துல எங்க கம்பெனி லைன்ல வேலை செய்யிற பொம்பளைங்க இருபது பேரும் என்னை நம்பி லட்ச ரூபா சீட்டுல சேந்தாங்க. எவளாவது கட்டலைன்னா வூட்டு வாசல்ல போய் நின்னு கேட்டுருவேன். மாசாமாசம் ஏலம். அவசரக்காரி பத்தாயிரம் தள்ளி எடுத்தா, அந்தத் தள்ளு காசை எல்லாரும் பிரிச்சுக்குவோம். கடைசி வரைக்கும் காத்திருக்கிறவளுக்கு முழுத் தொகையும் கிடைக்கும்.

எங்க செக்கிங் டேபிள் அக்கா கடைசிச் சீட்டைக் கேட்டு வாங்கியிருந்தாங்க. பதினொண்ணாவது படிக்கிற மகளை நர்சிங் சேர்க்க அந்தக் காசு. நடுவுல சீட்டு உடைஞ்சா முன்னாடி எடுத்தவளுக்கு ஒண்ணும் ஆகாது. போறது அக்கா காசுதான்.

திடீர்னு தள்ளு ஏற ஆரம்பிச்சுது. இருபதாயிரம், அப்புறம் முப்பதாயிரம். பங்கு கூட வருதேன்னு எங்களுக்கு ஒரே குஷி, பிரியாணி கூட வாங்கித் தின்னோம். என்னா முட்டாள்தனம்! முப்பதாயிரத்தை விட்டுட்டு ஒருத்தி பணம் எடுக்கிறான்னா அவ கழுத்துல கத்தி நிக்குதுன்னுதானே அர்த்தம்? அது யாருக்கும் உறைக்கல, எனக்கும்தான்.

உறைக்க வச்சது கம்பெனி பஸ் ஓட்டுற அண்ணன். டீக்கடையில உக்காந்துக்கினு, "ஓ.டி. வண்டி காலியாத்தான் போவுது. ஒரகடத்துல கம்பெனி வாசல்ல லாரி கூட லைன் கட்டி நிக்கிறதில்ல"ன்னாரு. டீக்கடைக்காரம்மா, "அதான் போண்டா மீந்து போவுது. இப்பல்லாம் டீயும் ஒன் பை டூதான் கேக்குறாங்க"ன்னாங்க. அவரு வண்டி, அவங்க போண்டா, என் தள்ளு, மூணையும் சேத்து வச்சுப் பாத்தா சேதி ஒண்ணுதான். ஓ.டி. நிக்கப் போவுது, ஓவர்டைம் காசு இல்லாம, கட்ட முடியாம சீட்டு உடையப் போவுது.

ஞாயித்துக்கிழமை எல்லாரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டேன். "இன்னும் ஆறு சீட்டு கீது. இனிமே மாசம் பாதி கட்டுனா போதும். ஏலம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா"ன்னேன். அவ்ளோதான், செக்கிங் அக்கா எழுந்துட்டாங்க. "இன்னா, இழுத்தடிச்சு என் பணத்தை ஏப்பம் வுடப் பாக்குறியா? எம் பொண்ணு படிப்பு அது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா ஆயுசுல முதல் தடவையா வாயை மூடிக்கினு, பஸ் அண்ணனையும் டீக்கடைக்காரம்மாவையும் பேச வுட்டேன். கேட்டு முடிச்சதும் அக்கா உக்காந்தாங்க. அப்புறம், "காலேஜ் சேர்றதுக்குள்ள வந்துரணும்"னு மட்டும் சொன்னாங்க.

ரெண்டே மாசத்துல ஓ.டி. நின்னுச்சு. அடுத்த தெருவுல சீட்டு நடத்துனவரு வூட்டைப் பூட்டிட்டு ஓடிட்டாரு. எங்க சீட்டுல ஒருத்தி கூடத் தவறல. பாதிதானேன்னு பல்லைக் கடிச்சிக்கினு கட்டிட்டாளுங்க. எனக்கு அவளுங்களை நெனச்சா இப்பவும் பெருமைதான்.

அக்கா பொண்ணுக்கு அட்மிஷன் போடுற வாரத்துல, டீக்கடையில வச்சே முழுத் தொகையையும் அக்கா கையில குடுத்தேன். பஸ் அண்ணன் எல்லாருக்கும் முழு டீ சொன்னாரு. அக்கா எண்ணிக் கூடப் பாக்கல. பையில போட்டுக்கினு என்னைப் பாத்தாங்க.

"அடுத்த சீட்டு எப்போ ஆரம்பிக்கிற? எனக்குக் கடைசியையே எழுதிக்கோ."