எண்பத்தொன்பதாம் நிமிட விசில்

போன சனிக்கிழமை பின்னேரம் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், கீழ்ப்பிரிவு ஆண்கள் அணிகள், பார்வையாளர் எண்ணி அறுபது பேர். மைதான ஓரத்தில் குளிர்காலத்துப் பனி கறுத்துப்போய் இன்னும் குவிந்து கிடந்தது.

நான் போனது ஆட்டத்துக்காக இல்லை, நடுவருக்காக. அவள் பெயர் ஆரணி. வயது இருபத்திரண்டு, ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். என் நண்பன் குகனின் மகள். குகன் பஸ் ஓட்டுகிறவன். அன்று லீவு எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

தன்னிலும் மூத்த ஆம்பிளையள் இருபத்திரண்டு பேரை ஒரு பெண் பிள்ளை விசிலாலேயே கட்டி மேய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவேணும். ஒருவன் கையை விரித்துக்கொண்டு முறைப்பாடு சொல்ல வந்தான். ஆரணி ஒரு பார்வைதான் பார்த்தாள். அவன் திரும்பிப் போய்விட்டான்.

இடைவேளையில் பிரகாஷ் எனக்குப் போன் எடுத்தார். பிரகாஷ் சென்னைக்காரர், அம்மருட் பகுதியில் எங்கள் கட்டடத்திலேயே நாலாம் மாடி. ஐ.டி. வேலை. நான் இந்த ஆட்டத்துக்குப் போகிறேன் என்று காலையில் லிஃப்டில் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். மனுசன் ஏதோ வெளிநாட்டுப் பந்தய ஆப்பில் இந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். உள்ளூர் அணி ஒரு கோல் பின்னால் நிற்கிறதே, திருப்பி அடிப்பார்களா என்று கேட்டார். நானும் பெரிய நிபுணர் மாதிரி, நல்லாத்தான் விளையாடுகினம், சமன் செய்துபோடுவினம் என்று சொல்லிவிட்டேன்.

அறுபது பேர் பார்க்கும் ஆட்டத்திலும் பந்தயம் கட்டலாமா? எனக்கும் அன்றுதான் தெரியும். கோர்னர் கொடிக்குப் பக்கத்தில் காதில் வயரோடு ஒரு பெடியன் போனைத் தட்டிக்கொண்டே நின்றான். யாரோ வீரரின் தம்பியாக்கும் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அது அவனுடைய பகுதிநேர வேலையாம். கோல், கோர்னர், மஞ்சள் அட்டை – ஒவ்வொன்றையும் அவன் தட்டத் தட்ட, அது பந்தயக் கம்பெனிகளுக்குப் போகிறது. எங்கேயோ ஒரு நாட்டில், இந்த மைதானத்தின் பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஒருவர் அதை நம்பிக் காசு கட்டுகிறார்.

எண்பத்தொன்பதாம் நிமிடம். கோர்னர் பந்து, ஒரே நெரிசல்... பந்து உள்ளே! உள்ளூர்க்காரர் கட்டிப் பிடித்துக் குதிக்கிறார்கள். ஆரணியின் விசில். கையில் பட்டதாம், கோல் இல்லை.

அதன் பிறகு அவளைச் சுற்றி நின்ற கூட்டத்தைச் சொல்லவேணுமா? அவள் அசையவில்லை. ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது.

அவளோடு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று குரோருட்டில் குகன் வீட்டுக்குப் போனோம். சோறு போட முதலே அவளுடைய போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. அவள் அதை மேசையில் வைத்தாள். முகம் தெரியாதவர்கள் எப்படியோ அவள் பெயரைத் தேடிப் பிடித்து அனுப்பிய தகவல்கள்: ஆங்கிலத்தில் சில, எங்களுக்கு வாசிக்கவே தெரியாத எழுத்துகளில் சில. உன்னால் என் காசு போச்சு. எவ்வளவு வாங்கினாய்? ஒருவன் அவள் படிக்கும் இடத்தின் பெயரை எழுதி, வெளியே வரும்போது பார்த்து வா என்று முடித்திருந்தான்.

குகன் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தான். இந்த வேலையே வேண்டாம், நாளைக்கே எழுதிக் குடுத்துவிடு என்றான். ஆரணி மடிக்கணினியைத் திறந்தாள். கிளப்காரர் ஒரு சின்னக் கமெராவால் ஆட்டத்தை முழுக்கப் பதிந்திருந்தார்கள். அந்த இடத்தை ஓடவிட்டாள். நிறுத்தினாள். திரும்பவும் ஓடவிட்டாள். ஆறு தரம் இருக்கும்.

"தோள் அப்பா. கை இல்லை. நான்தான் பிழை விட்டிட்டன்."

குகன் எழுந்துபோய் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான், யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல. இதை வெளியில் சொல்லாதே என்று கெஞ்சினான். மிரட்டினவங்கள் தாங்கள் சொன்னதுதான் சரி என்று இன்னும் ஏறுவார்கள் என்றான். அவன் பயத்தில் நியாயம் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

ஆரணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"மிரட்டினது வேறை, கோல் வேறை. மிரட்டினதைப் பொலிசுக்குச் சொல்லுவன். கோலைக் கோச்சுக்குச் சொல்லுவன்."

அப்படியே செய்தாள். தகவல்களைப் படம் பிடித்துப் பொலிசுக்கு அனுப்பினாள். பிறகு உள்ளூர் அணியின் பயிற்சியாளரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நொர்வேஜிய மொழியில் நேராகச் சொன்னாள்: உங்கள் கோல் சரியான கோல், நான் பிழையாக ஊதிவிட்டேன், அறிக்கையிலும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

அந்தப் பக்கம் மனுசன் பெருமூச்சு விட்டுச் சொன்னார் – அதற்கு முதல் தன் பெடியங்கள் மூன்று கோலைக் கோட்டை விட்டவங்களாம், அவர்களில் ஒருத்தனும் இன்னும் தனக்குப் போன் எடுக்கவில்லையாம். நன்றி சொல்லித்தான் வைத்தார். முடிவு மாறாது. ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் ஆரணிதான் நிறையச் சாப்பிட்டாள். குகனுக்குத்தான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை லிஃப்டில் பிரகாஷ். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ரெஃப் காசு வாங்கிட்டான் அண்ணா. கோல்னு ஆப்ல வந்து, ஒரு நிமிஷம் கழிச்சுத் தூக்கிட்டாங்க."

"அவன் இல்லை, அவள். என்ரை கூட்டாளியின்ரை மகள். அவள் கண்ணுக்குக் கையாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

வந்த மிரட்டல்களையும் அவள் எடுத்த போனையும் சொன்னேன். நாலாம் மாடி வந்தது; அவர் இறங்கவில்லை. என்னோடு ஏழாம் மாடிவரை வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தானும் ஏதோ எழுதத்தான் பெயரைத் தேடினதாகவும், கிடைக்கவில்லை என்பதால் விட்டுவிட்டதாகவும் மெல்லச் சொன்னார். பிறகு, "எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் இப்படி ஒத்துக்க மாட்டாங்க அண்ணா" என்றார். என் முன்னாலேயே அந்த ஆப்பை அழித்தார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனால் அழித்தார்.

ஆரணிக்கு இந்தச் சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. பொலிசார் விசாரிக்கிறார்கள். குகன் மறுபடியும் லீவு போட்டிருக்கிறான்.

நான் ஒன்று மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் விசில் பிடித்து நின்ற நேரம், வெளியில் நின்று பந்தயக்காரருக்கு யோசனை சொன்ன பெரிய மனுசன் நான்தான் என்பதை. பிள்ளை, இதை வாசித்தால் மாமாவை மன்னித்துக்கொள்.

விசில் ஊதுகிறவளுக்கு ஒரே பின்னேரத்தில் வந்த துணிச்சல், இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதுகிறவனுக்கு வர ஒரு கிழமை எடுத்திருக்கிறது!