டிரம்ஸுக்கு மேல் கேட்கிற ஆம்ப்

எங்கள் கானா செட்டில் நான் கிட்டார் வாசித்தேன் என்பதற்கு ஒரே சாட்சி நான்தான். வேறு யாருக்கும் அது கேட்டதில்லை. பாடுகிற அண்ணன், டிரம்ஸ் அடிக்கிற என் தோஸ்து, நான் என்று மூன்றே பேர். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், சாவு என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். போன இடத்திலெல்லாம் ஜனங்களுக்குக் கேட்டது இரண்டு பேர் சத்தம்தான்.

காரணம் என் தோஸ்து. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவனுக்கு. அதே தோள், அதே கை, அதே வேகத்தில் டிரம்ஸ் முன்னால் வந்து உட்காருவான். மெதுவாக என்று ஒரு வார்த்தை தமிழில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஒரு பெயர் சூட்டு விழாவில் தொட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இவன் எடுத்த எடுப்பில் அடித்த அடியில் அழுகையை நிறுத்திவிட்டு முழித்தது. குழந்தைக்கே அந்தக் கதி என்றால் என் கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் இருந்த ஆம்ப்ளிபயர் டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிசு. வீட்டில் தனியாக வாசித்துப் பழகுகிறவர்களுக்காகச் செய்தது. அதை முழுசாகத் திருகினால் வத்தல் பொரிகிற மாதிரி கரகரக்கும், அவ்வளவுதான். நான் பொறுமைசாலி இல்லை. சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிக்கிற ஆள். வாசிப்பது எனக்கே கேட்காதபோது கம்பியை இன்னும் ஓங்கி அறைவேன். கம்பி அறுந்துபோகும். நடுப் பாட்டில் குனிந்து கம்பி மாட்டிக்கொண்டிருப்பேன். அதையும் யாரும் கவனித்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பயிற்சியெல்லாம் காசிமேட்டில் அவன் வீட்டு மொட்டை மாடியில்தான். அவன் அம்மா மீன் விற்கிறவள். விடியற்காலையில் ஏலம் எடுத்து, மதியத்துக்குள் விற்று முடித்து, மாடிக்கு வந்து கூடையைக் கழுவிக் காயவைத்துவிட்டு எங்கள் எதிரில் உட்காருவாள். அவளுக்கும் மகனுடைய அதே சத்தம். தெருமுனையில் அவள் பேரம் பேசினால் மாடியில் கேட்கும். ஒரு நாள் பாட்டு முடிந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"இன்னா நைனா, நீ வாசிக்கிறியா, இல்ல சும்மா அத்த சொறிஞ்சிகினு கீறியா? எனக்கு ஒன்னியுமே காதுல வுழல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் விடமாட்டாள். இன்னைக்காச்சும் கேக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். கேலிதான், ஆனால் கேட்டுவிட்டு நிஜமாகவே தலையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. முடிந்து கிளம்பும்போது பெண் வீட்டுக்காரர், இந்தத் தம்பி போட்டோவுக்காகக் கிட்டார் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று பாடுகிற அண்ணனிடம் கேட்டுவிட்டார். அண்ணனோடு வேனில் திரும்பினோம். இறங்கும்போது என் தோளில் கை வைத்தார். "தம்பி, கோச்சுக்காத. கேக்காத வாத்தியத்துக்கு எதுக்கு ஒரு ஆளு? ஆடி மாசம் கூழ் ஊத்துற சீசன் வர்துக்குள்ள எதனா பண்ணு. இல்லாங்காட்டி கீபோர்டு போட்டுக்கலாம்னு கீறேன்."

அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. சித்திரை முடிந்துகொண்டிருந்தது. வேலை பார்க்கிற கண்டெய்னர் யார்டில் சீல் நம்பர் சரிபார்க்கிறபோதும் தலைக்குள் வாட்ஸ் கணக்குதான் ஓடியது. சாப்பிட உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். போனில் பார்க்காத வீடியோ இல்லை. முப்பது வாட்ஸ் போதும் என்பான் ஒருத்தன், நூறு இல்லாமல் டிரம்ஸ் பக்கத்தில் நிற்காதே என்பான் இன்னொருத்தன். அவன்களில் யாரும் என் தோஸ்து அடித்துக் கேட்டதில்லை.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். ஏசி போட்ட கண்ணாடி அறை. மெத்தை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அந்த அறையில் எதை வாசித்தாலும் நெஞ்சில் வந்து இடித்தது. ஆஹா, இதுதான் என்று ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக மாடிக்கு வந்தேன். தோஸ்து ஒரே ஒரு தட்டு தட்டினான். என் நெஞ்சில் இடித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது கடைப் பையன் பார்த்த பார்வையில் நான் சின்னதாகப் போய்விட்டேன். இன்னொரு கடை, இன்னொரு அறை, அதே கதை. டிரம்ஸ் இல்லாத அறையில் எல்லா ஆம்ப்பும் பெரிசுதான்.

கடைசியில் என் தோஸ்தே என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனான். தண்டையார்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் ஒருத்தர், சர்ச்சுகள் கழித்துப்போட்ட பழைய சாமான்களை வாங்கி வைத்திருந்தார். கடை மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. வாசலில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தன. தோஸ்து ரோட்டைத் தாண்டி, லாரிகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். நான் கடை வாசலில் ஆம்ப்பை வைத்து வாசிக்க வேண்டும், அவனுக்கு அங்கே கேட்க வேண்டும். இதுதான் அவன் வைத்த பரீட்சை.

முதலாவதற்குக் கையை ஆட்டினான், இல்லை. இரண்டாவதற்குக் காதில் கை வைத்துக் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மூன்றாவது வைத்துக்கொண்டிருக்கும்போது டீ குடிக்கப் போய்விட்டான். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு பேராகப் பிடித்து ஒன்றைத் தூக்கி வந்தார். கறுப்புத் தோல் உரிந்த பெட்டி. பின்னால் எட்டிப் பார்த்தால் கண்ணாடி வால்வுகள். அவை சூடேறுகிற வரைக்கும் சத்தம் வராது, பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்தா சொன்னார் அதை! நான் பொத்தானைப் போட்டதிலிருந்து நின்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். வால்வுக்குள் செம்மை ஏறியது. கம்பியெல்லாம் சேர்த்து ஒரு கார்டு அடித்தேன். லாரி கிளீனர் ஒருத்தர் டயர் வெடித்துவிட்டதோ என்று பதறிப்போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் டீ கிளாஸோடு என் தோஸ்து இரண்டு கையையும் தூக்கினான். லாரிகளுக்கு நடுவில் புகுந்து ஓடி வந்தான்.

"இத்தான் மாமு. இத்த எடு. பழச இவராண்டயே குட்துடு."

கொடுத்துவிட்டேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கட்டும்போது, உன் சத்தத்துக்கு மேலே கேட்க நீயே ஆம்ப் தேடித் தருகிறாயே, உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். அவன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"எனக்கும் தான ஒன்னும் கேக்கல. தனியா அடிச்சிகினு கீற மாரியே கீது மாமு. பேஜாரா கீது."

இத்தனை நாளும் அவன் என்னை அமுக்குகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆட்டோவில் ஏறி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் அவனோடு சேர்ந்து வாசிப்பதாக இருந்தது. அதற்குள் அவன் அம்மா போய்விட்டாள். ஏலம் எடுத்த மீனை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பியவள் அப்படியே சரிந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் இல்லை.

சேதி தெரிந்ததும் பாடுகிற அண்ணன் எனக்குப் போன் செய்தார். யார் யார் சாவுக்கெல்லாமோ பாடியிருக்கிறோம், நம் செட்டுக்காரன் அம்மாவுக்குப் பாடாமல் எப்படி, கிட்டாரையும் அந்த ஆம்ப்பையும் எடுத்துக்கொண்டு வா என்றார். போனோம். உச்சி வெயில். சந்து முழுக்க அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் ஐஸ் பெட்டி. உள்ளே அவள், மூக்குத்தியோடு, வாயை மூடிக்கொண்டு. வாழ்க்கையில் அவள் வாயை மூடி நான் பார்த்ததே அன்றுதான். கண்ணாடியில் படிகிற ஈரத்தைப் பெண்கள் துணியால் துடைத்துத் துடைத்து முகம் பார்த்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற மூத்த மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். என் தோஸ்து தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கொள்ளி வைக்கப்போகிறவன், டிரம்ஸ் பக்கம் போகவில்லை.

நான் ஆம்ப்பின் பிளக்கைச் செருகிப் பொத்தானைப் போட்டேன். பட்டென்று எல்லாம் நின்றது. ஃபேன்கள் நின்றன, பந்தல் விளக்கு அணைந்தது, ஐஸ் பெட்டியின் உறுமலும் அடங்கியது. ஏற்கெனவே வாடகை ஃபேன்களும் ஐஸ் பெட்டியும் வீட்டின் ஒரே ஒயரில் ஓடிக்கொண்டிருந்தன, என் ஆம்ப்பையும் சேர்த்து அது தாங்கவில்லை. யாரோ ஓடி ஃபியூஸ் கட்டினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இழுக்கலாம் என்றால் அந்த வரிசை முழுக்கக் காலையிலிருந்தே ஒரு ஃபேஸ் போய்க் கரண்ட் இல்லை. தோஸ்துவின் தாய்மாமன் என்னைப் பிடித்துக்கொண்டார். சாவு வீட்டில் என்ன விளையாட்டு என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அண்ணன் வெறுமனே பாடட்டும், வழக்கம்போல என்னை யாரும் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் தோஸ்து எழுந்தான்.

"ஐஸ் பெட்டி பிளக்க கழட்டு மாமா. இவன்துத போடு."

தாய்மாமன் அவனைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். வெயிலைப் பார், உன் அக்கா முகம் பார்க்க வேண்டாமா என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒரு பாட்டு தான. அதுக்குள்ள ஒன்னியும் ஆவாது. உசுரோட இருக்கச்சொல்லோ இவன் வாசிக்கிறது எங்கம்மாவுக்கு ஒரு தபா கூட கேக்கல. என்னாலதான் கேக்கல. இப்ப கேக்கட்டும்."

சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியின் பிளக்கை அவனே கழற்றினான். ஃபேன்களையும் நிறுத்தச் சொன்னான். என் பிளக்கை அவன் கையாலேயே செருகினான். யாரும் தடுக்கவில்லை. வால்வு சூடேற வேண்டும். அந்தச் சந்தில் அத்தனை ஜனமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஐஸ் பெட்டி நின்றுபோயிருக்க, நான் அந்தப் பாழாய்ப்போன வால்வையே பார்த்துக்கொண்டு நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. சீக்கிரம், சீக்கிரம் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரு பெண் கண்ணாடியைத் துடைத்தாள்.

சத்தம் வந்தது. வாசித்தேன். சந்து முனை வரைக்கும் கேட்டது. மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் அவள் கூடையைப் பாடினார், அவள் பேரத்தைப் பாடினார், பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். இனி கீபோர்டு பேச்சு வராது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதற்காகத்தானே நாயாக அலைந்தேன். துளிச் சந்தோஷமும் வரவில்லை. அடியில் டிரம்ஸ் இல்லை. என் ஒவ்வொரு பிசகும் எனக்குக் கேட்டது. நான் ஓடுகிறவன். எப்போதும் பாட்டை விட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் அடிதான் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறது. எத்தனை வருஷமாக அந்த அடியைத் திட்டியிருப்பேன்.

அண்ணனால் முடியவில்லை. கடைசி வரியோடு துண்டில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டையெல்லாம் முடிக்கிறது அவன்தான். ஓங்கி ஒன்று அடித்து, தாளத்தட்டைக் கையால் பிடித்து அடக்குவான், நாங்கள் நிற்போம். அவன் அடிக்காமல் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதே நாலு கார்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவனைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்னே ஒன்னு அடிடா, எது மேலயாவது அடிடா என்று மனசு கதறியது. விரல்கூட அசையவில்லை. நான் நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்துபோகும் என்று பயந்து இன்னும் ஒரு சுற்று வாசித்தேன், இன்னும் ஒன்று.

அவன் எழுந்து வந்தான். குனிந்து ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினான்.

"போதும் மாமு. அம்மா கேட்டுகினு இருந்துச்சு."

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகினான். அது உறுமத் தொடங்கியதும் கண்ணாடி மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி தலைமாட்டில் போய் உட்கார்ந்தான். நான் கிட்டாரைக் கழற்றி ஆம்ப் மேலேயே போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.