பிரேக்கில் ஒரு குறையும் இல்லை

ராஜரத்தினத்தின் மோட்டார் சைக்கிள் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. புசல்லாவைப் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேலாக வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்த மனிதர் அவர். தேயிலைத் தோட்டத்து லய வீடுகள், துரை பங்களாக்கள், சந்திக் கடைகள், மலை உச்சியில் தனியாக நிற்கும் ஃபோன் கோபுரங்கள் என்று எல்லா இடத்துக்கும் அந்தச் சிவப்பு வண்டிதான் அவரைக் கொண்டுபோனது. பென்ஷனில் வந்து எட்டு வருஷம் ஆன பிறகும் அதற்கு 'மீட்டர் ஐயா வண்டி' என்றுதான் பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு வாசலில் ஒரு உரச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சில்லைச் சும்மா சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அது சுற்றும் சத்தத்தைக் கேட்பார்.

"நம்ம வீட்டுல புள்ள பொறந்தப்பகூட இவ்வளவு நேரம் பக்கத்துல ஒக்காரல" என்பாள் வீரம்மா. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருபது வருஷம் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். அதைக் கோபமாகச் சொல்லமாட்டாள். மனிதர் சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் தேடுவார்.

வண்டி திடீரென்று கெட்டுப்போகாது என்பது அவர் நம்பிக்கை. கிளச் கேபிள் அறுந்து போகிறது என்றால், அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கைக்குக் கனத்திருக்கும். பேரிங் உடைகிறது என்றால், பல நாளாக இறக்கத்தில் முனகியிருக்கும். நாம்தான் வேலை அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்போம். பக்கத்து வீட்டு சுதேஷின் ஓட்டோ கம்பளை வீதியில் நின்றுபோய்க் கட்டி இழுத்து வந்த அன்று, அவனை நிற்க வைத்து இதைத்தான் அரைமணி நேரம் சொன்னார். "அது ஒனக்குச் சொல்லியிருக்கும்டா. நீ பாட்டப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்க."

தன் வண்டி சொல்வது தனக்குக் கேட்கும் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அதனால்தான், பின் பிரேக் பழையபடி இல்லை என்பதும் அவருக்குத்தான் முதலில் பட்டது.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் அது ஆரம்பித்தது. வலது காலால் பெடலை மிதித்தால் முன்பு ஒரு பிடிப்புத் தெரியும். எவ்வளவு மிதிக்கிறோம், சில்லு எவ்வளவு அடங்குகிறது என்பது பாதத்துக்குப் புரியும். இப்போது பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல இருந்தது. சில நேரம் மெதுவாக மிதித்ததாக நினைப்பார், வண்டி உலுக்கிக்கொண்டு நிற்கும். சில நேரம் நன்றாக மிதித்ததாக நினைப்பார், வண்டி தன்பாட்டுக்குப் போகும்.

பிரேக் சூவைக் கழற்றி மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். பெடலின் உயரத்தைக் கூட்டினார், குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நீண்டது. ஒன்றிலும் திருப்தி வரவில்லை.

ஒருநாள் இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து காபுரேட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். றப்பர் கருகும் நாற்றம் வந்தது. எங்கேயோ எண்ணெய் ஒழுகிச் சைலன்சரில் விழுகிறது என்று நினைத்து, குனிந்து குனிந்து தேடினார். உள்ளேயிருந்து ஓடிவந்த வீரம்மா கத்தினாள்.

"காலை எடுங்க! செருப்பு உருகுது!"

அவருடைய வலது பாதம் சைலன்சரில் சாய்ந்திருந்தது. செருப்பின் ஓரம் உருகி ஒட்டியிருந்தது. கணுக்காலுக்குக் கீழே தோல் வெந்து வெளுத்திருந்தது.

"சுடலயா ஒங்களுக்கு?"

"வேலை மும்முரத்துல தெரியல."

வீரம்மா பச்சைத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அவர் காலை நீட்டிக்கொண்டே எண்ணெய் ஒழுக்கைத் தேடினார். ஒழுக்கு எதுவும் இல்லை.

சீனி வருத்தம் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. வேலையில் இருந்த காலத்திலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். முடிந்தால் வாங்குவார், ஞாபகம் வந்தால் போடுவார். மயக்கம் வரவில்லை, நடக்க முடிகிறது, வண்டி ஓட்ட முடிகிறது. பிறகென்ன என்று விட்டுவிட்டார்.

கம்பளையில் அமானின் கராஜ் இருந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். தன்னால் முடியாத வேலைக்கு ராஜரத்தினம் நம்பிப் போகும் ஒரே இடம். அமான் வண்டியை வாங்கி, கடைத்தெருப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார்.

"அண்ணே, பிரேக்கில ஒரு குறையும் இல்ல. புது வண்டி மாதிரி பிடிக்கிது."

"இல்ல அமான். பெடல்ல உயிரே இல்ல."

"கழட்டிப் பாக்கட்டா?"

கழற்றிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டினார். மூன்றாவது முறையும் ராஜரத்தினம் வந்து நின்றபோது அமான் சிரித்துவிட்டார்.

"அண்ணே, குறை வண்டியில இல்ல. வேற எங்கயோ இரிக்கி."

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கராஜில் நின்ற நாலைந்து பேருக்கு முன்னால் குரல் ஏறியது. "இத்தனை வருஷம் வேலை செஞ்சும் ஒனக்கு பிரேக் பாக்கத் தெரியல. எனக்குப் பைத்தியம்னு சொல்றியா? இனி இந்தப் பக்கம் வந்தா என்னச் செருப்பால அடி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருந்தது.

ஆவணியில் வீரம்மாவின் தங்கச்சி வத்தேகமத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். காலையிலேயே போய்ச் சேரவேண்டும். விடியும்போது பெய்த மழை விட்டிருந்தது. வீரம்மா நீலப் பட்டுச்சேலை உடுத்தி, மேலே பழைய மழைக்கோட்டைப் போட்டு, மடியில் குத்துவிளக்குப் பொதியை வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஒருபக்கமாக உட்கார்ந்து, வலது கையால் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். அன்று வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்திருந்ததைப் பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தார்.

கம்பளைக்கு இறங்கும் வழியில், போன வருஷம் மண்சரிந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. அதைத் திரும்பியதும் முன்னால் ஒரு பஸ், ஆளை ஏற்ற நின்றிருந்தது. ஈர ரோட்டில், அதுவும் இறக்கத்தில், முன் பிரேக்கைத் தொடக்கூடாது. பின் பிரேக்கைத்தான் பிடிக்கவேண்டும். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்த விஷயம். மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். வண்டி அடங்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தார். பஸ்ஸின் பின்கண்ணாடி முகத்துக்கு நேரே வந்தபோது, வேறு வழியில்லாமல் கையிலிருந்த முன் பிரேக்கை இறுக்கினார். முன்சில்லு சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது.

அவருக்கு முழங்கை மட்டும் உரசியிருந்தது. வீரம்மா ரோட்டோரத் தண்ணீர்க் கானின் சிமெந்து விளிம்பில் விழுந்து கிடந்தாள். சத்தம் போடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் தூக்கப் போனபோதுதான் அலறினாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கம்பளையில் படம் எடுத்துப் பார்த்து, அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள்.

"பிரேக் பிடிக்கல" என்று பொலிஸிடம் சொன்னார். டொக்டரிடம் சொன்னார். கொழும்பிலிருந்து பதறி ஃபோன் எடுத்த மகள் சர்மிளாவிடம் சொன்னார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களிடமும் சொன்னார்.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் பின்னேரம், கையில் பழப் பையோடு அமான் வார்டுக்கு வந்தார். கராஜில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீரம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு, ராஜரத்தினத்தை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, பொலிஸ்ல கேட்டு வண்டிய நான் பாத்தேன். கோவிக்க வாணாம். பிரேக் பிடிக்கிது. சில்லு அப்பிடியே இறுகி நிக்கிது."

"அப்ப நான் பொய் சொல்றேன். அப்படித்தானே?"

"நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அதுதான் எனக்கும் வெளங்கல்ல."

அவர்கள் உள்ளே வந்தபோது வீரம்மாவின் கட்டிலருகே ஓர் இளம் பெண் டொக்டர் நின்றிருந்தார். அசைய முடியாமல் மல்லாந்து கிடந்த வீரம்மா, தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து, தன் இடுப்பைப் பற்றியில்லாமல் வேறு எதையோ கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ராஜரத்தினத்தைக் கை காட்டினாள்.

"இவரு காலக் கொஞ்சம் பாருங்க மிஸ்."

டொக்டர் அவரைக் கதிரையில் உட்காரவைத்தார். வலது காலின் தீப்புண் இன்னும் ஆறாமல் ஓரம் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் டொக்டரின் முகம் மாறியது. பையிலிருந்து மெல்லிய நைலோன் நூல் பொருத்திய ஒரு குச்சியை எடுத்தார்.

"கண்ண மூடுங்க ஐயா. நான் தொடுற நேரம் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வார்டில் யாரோ இருமினார்கள். தட்டு விழுந்த சத்தம் கேட்டது. எப்போது தொடங்குவார் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார். பிறகு, "தொடுங்க மிஸ்" என்றார்.

பதில் வராததால் கண்ணைத் திறந்தார். டொக்டர் நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அமான் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுது ஐயா" என்றார் டொக்டர்.

அன்று அவருக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது பெடல் இல்லை. வளைவில் அவர் பலமாக மிதித்தது, பெடலுக்குப் பக்கத்தில் இருந்த கால்வைக்கும் கம்பியை. நாலு மாதமாகக் கழற்றிப் பூட்டியதெல்லாம் நல்ல பிரேக்கை. நோகாமல், எரியாமல், அவரே அறியாமல் அவருடைய கால் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆட்கள் போன பிறகு கட்டிலருகே குனிந்து கேட்டார். "ஒனக்கு எப்படித் தெரியும் புள்ள?"

"ராவுல எண்ணெய் தேய்ச்சு விடுவேன்ல? நகத்தால கிள்ளிப் பாத்தேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

"எப்போ?"

"சித்திரையிலயே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. கிளினிக்குக்குப் போவோம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். மொதல்ல பிரேக்கப் பாக்கணும்னு சொன்னீங்க."

அது உண்மைதான். ராஜரத்தினம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுகிட்டே ஏன் புள்ள பின்னால ஏறுன?"

வீரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஏறலன்னா நீங்க தனியாப் போயிருவீங்க. நான் இருந்தா மெதுவாத்தானே ஓட்டுவீங்க."

மூன்று வாரம் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு மலையில் வெட்டிய படிகளில் ஏறவேண்டும். சுதேஷும் வேறு மூன்று பேரும் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு வீரம்மா ரோட்டுக்கு இறங்கவில்லை. கைத்தாங்கல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குசினி வரை வருவாள். அங்கே ஒரு ஸ்டூலில் இருந்து அடுப்பைப் பார்ப்பாள். தங்கச்சியின் புது வீட்டை ஃபோனில்தான் பார்த்தாள். "வாசல் பெருசா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

தீப்புண் சீழ் வைத்து, ராஜரத்தினத்தின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. வண்டியை அமான் நாவலப்பிட்டியில் ஒருவருக்கு விற்றுக் கொடுத்தார். "பின்பக்கம் ரெண்டு சின்னச் சில்லு பூட்டி, பிரேக்கக் கைக்கு மாத்தித் தரட்டா அண்ணே? அப்பிடி ஓட்டுற ஆக்கள் இரிக்கி" என்று அதற்கு முன்னால் ஒருதடவை கேட்டார். ராஜரத்தினம், யாரை ஏற்றிக்கொண்டு போவது என்று கேட்டார். அமான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளினிக்குக்கு இப்போது பஸ்ஸில்தான் போகிறார். அந்த வளைவு வரும்போது மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகள்தான் நீளமாக இருக்கின்றன. சுதேஷ் தன் ஓட்டோவில் ஏதோ சத்தம் கேட்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், "கராஜுக்குக் கொண்டு போ. எனக்கு இப்போ தெரியாது" என்று சொல்லிவிடுகிறார்.

ஒவ்வொரு நாளும் பாதத்தைச் சோதிக்கவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. அவருக்குக் குனிந்து அடிப்பாதத்தைப் பார்க்க வராது. பொழுது சாயும் முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, கட்டிலில் இருக்கும் வீரம்மாவுக்குப் பக்கத்தில் அவர் கதிரையைப் போட்டு, காலைத் தூக்கி அவள் மடியில் வைப்பார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விரலாக விலக்கிப் பார்ப்பாள்.

நேற்று குதிகாலைத் திருப்பிப் பார்த்தவள் அதை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தாள்.

"முள்ளு ஏறியிருக்கு. எப்போ குத்துச்சு?"

"தெரியல."

"செருப்புப் போட்டுத்தானே போனீங்க?"

"போட்டுத்தான் போனேன்."

சேலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, விளக்குத் திரியில் சுட்டு, அவள் முள்ளைத் தோண்டத் தொடங்கினாள். ஆழமாக ஏறியிருந்தது. இரத்தம் வந்தது. உதட்டைக் கடித்து, புருவத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தோண்டினாள். ராஜரத்தினம் காலைப் பார்க்கவில்லை. எவ்வளவு நோகும் என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.