விசிறி இல்லாத லேப்டாப்

போன ஆவணியில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் நடந்தது இது. மழை ஓய்ந்து, ஓலைகூட அசையாமல் பகலே தூங்கி வழிந்த நாட்கள். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு நான் வீட்டிலிருந்தே மலையாள வீடியோக்களில் வரும் பேச்சைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். எட்டு மாதப் பெண் குழந்தை மத்தியானம் தொட்டிலில் தூங்கும் நேரம்தான் என் ஆபீஸ் நேரம்.

வேலைக்கென்று கம்பெனி கொடுத்திருந்த லேப்டாப்பின் புது மாடல் வந்திருந்தது. கம்பெனியில் அதை அனுப்பி, ஒரு வாரம் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தரச் சொன்னார்கள். புதுசு தட்டு மாதிரி லேசு. திரை பளிச்சென்று இருந்தது. கரண்ட் போனாலும் நாள் முழுக்க ஓடும். உள்ளே விசிறி கிடையாது, அதனால் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. குறை என்றால், பழைய மவுஸைச் சொருக இடமில்லை, மெமரியைக் கூட்ட முடியாது. போகட்டும், யாருக்கு வேணும் என்று மனசு புதுசின் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால் புதுசில் வேலை தொடங்கிய அன்றிலிருந்து குழந்தை தூங்கவில்லை. கண்ணை மூடுவாள், உடனே சிணுங்கி எழுவாள். கண்ணு பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். வேலை தேங்கியது. இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று ஆபீசில் மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திருப்பி அனுப்புமுன் என் ஃபைல்களை எடுக்கலாம் என்று வீட்டுக்காரர் பழசைப் போட்டார். உஸ்ஸென்று அதன் விசிறி சுற்றத் தொடங்கியது. தொட்டிலில் அழுகை நின்றது. எட்டிப் பார்த்தால், குழந்தையின் இமை மெல்ல இறங்குகிறது.

"ஏம்புள்ள, இந்தச் சத்தத்தைக் கேளு. மார்கழிக் காத்தாட்டவே இருக்குது" என்றார் அவர்.

அவள் பிறந்தது மார்கழியில். இங்கே மலைக் கணவாய் வழியாகக் காற்று வந்து ராப்பகலாகப் பனைகளை உலுக்கும் மாதம். காற்று நின்ற பிறகு இந்தப் பழைய விசிறிதான் அவளைத் தூங்க வைத்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. போனில் அந்தச் சத்தத்தைப் பிடித்துப் போட்டும் பார்த்தோம். போனைப் பிடுங்க எழுந்து உட்கார்ந்தாள் கள்ளி.

புதுசைத் திருப்பிவிட்டேன். ஆபீசில் சிரித்தார்கள். "கொழந்த தூங்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரமே தேங்கிய வேலையை முடித்துக் கொடுத்தேன்.

எனக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று மட்டுமே எடை போட்டிருந்தேன். இப்போதெல்லாம் வீட்டில் எந்தப் பழசை மாற்றினாலும், அதை நம்பி யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.