எமன் இடுப்பில் போலீஸ் பெல்ட்

நாடக உடைகளை வாடகைக்கு விடும் தொழிலில், கொடுத்த உடை கிழிந்து வருமோ என்பதைவிட யாரோடு வருமோ என்பதுதான் பெரிய கவலை. மைசூர் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய புதிதில், மைசூர் நகரத்து தேவராஜா மார்க்கெட்டுக்குப் பின்னால் அப்படியொரு கடை வைத்திருந்தேன். சைக்கிளோ பாத்திரமோ பந்தலோ, எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களே, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

காக்கி மட்டும் தனியாகப் போகாது

ராஜா, ராமர், நாரதர் யாரை வேண்டுமானாலும் மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். போலீஸ் உடையை மட்டும் நானே நாடகக் கொட்டகைக்கு எடுத்துப் போவேன். படுதா விழுந்ததும் நடிகரின் உடம்பிலிருந்து கழற்றிக்கொண்டு திரும்புவேன். போலீஸ் அல்லாதவன் அந்த உடுப்பில் தெருவில் நடந்து, தன்னைப் போலீஸ் என்று நம்ப வைத்தால் குற்றம் என்று வாடிக்கையாளரான ஒரு வக்கீல் என்னை எச்சரித்திருந்தார். கொடுத்தவனையும் விடமாட்டார்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

தசராவுக்கு முந்தின வாரம் ராகவன் வந்தார். பக்கத்துத் தெருக்காரர், மின்சார ஆபீஸில் குமாஸ்தா. நாடகத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் உடை வேண்டும் என்றார். எந்த நாடகம் என்று கேட்டதுமே உண்மையைக் கக்கிவிட்டார். ஆண்கள் ஆபீஸ் போன பிறகு அவர்கள் தெருவின் கொல்லைகளில் பித்தளைப் பாத்திரங்கள் களவு போகின்றன. அவர் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்டாவும் போய்விட்டது. அதிலிருந்து வீட்டில் அவருக்குச் சோறுதான் கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை. லீவு போட்டுத் திருடனைப் பிடிக்கப் போகிறாராம். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்று கன்னடத்தைக் கலந்து கெஞ்சினார். முடியவே முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்போ திருடன் மட்டும் எந்த டிரஸ்ல வேணா வரலாமா சார்?"

மிச்சமிருந்தவர்

வேட்டி சட்டையிலேயே பிடிக்கலாமே என்றேன். திருடன் இவர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, பிறகு இவர் ஆபீஸ் போகும் வழியில் மடக்கிவிடுவான் என்றார். ஆக, மனுஷன் வேஷம் கேட்டது பயத்தில்தான். நானும் அந்த ரகம் என்பதால் மனசு இளகிவிட்டது. ஆனால் தசரா சமயம். தேவர்கள் எல்லாரும் வாடகைக்குப் போயிருந்தார்கள். எமன் ஒருவர்தான் பாக்கி.

கிரீடம், மீசை, கறுப்பு அங்கி, அட்டைக் கதாயுதம் எல்லாம் எடுத்து வைத்தேன். இடுப்புக் கச்சையைக் காணோம். ஒரு செட்டில் குறைவதை இன்னொரு செட்டிலிருந்து எடுத்து நிரப்புவது எங்கள் தொழிலில் யோசிக்காமலே நடக்கிற காரியம். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். கைக்கு அகப்பட்டதைச் செருகி மூட்டையைக் கட்டினேன். ராகவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"எருமையை நான்தான் பார்த்துக்கணுமா சார்?"

மூன்றாம் நாள் மத்தியானம்

கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, "உங்க எமன் ஸ்டேஷன்ல இருக்கான், வாங்க" என்று கன்னடத்தில் கூப்பிட்டார். போனேன். பெஞ்சில் பாதி மீசை தொங்க ராகவன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் ஒல்லி ஆள், மடியில் ஒரு பெரிய அண்டா. ராகவனின் இடுப்பைப் பார்த்தேன். பித்தளைக் கொக்கி பளபளக்க, என் கடையின் போலீஸ் பெல்ட்!

கடையைப் பூட்டிச் சீல் வைப்பதும், நான் கம்பி எண்ணுவதும், இரண்டு குழந்தைகளோடு என் மனைவி வாசலில் நிற்பதும் கண்முன் வந்து போயின. ராகவனோ என்னைப் பார்த்து மலர்ந்தார்.

"பெல்ட் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு சார்!"

விசாரணை

இன்ஸ்பெக்டர், தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துக்காரர். என் உளறலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "போலீஸ் சாமானைப் போட்டுக்கிட்டுப் போலீஸ்னு ஏமாத்துனா ஜெயிலுங்க, தெரியுமுங்களா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். பிறகு, ஆளை அடித்தீர்களா என்று ராகவனைக் கேட்டார். கதாயுதத்தை ஓங்கியதாகவும் அது மடங்கிவிட்டதாகவும் ராகவன் சொன்னார். எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. பக்கத்து வீட்டு அண்டாவோடு சுவர் ஏறும்போது பிடித்து, அப்படியே ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். தசரா ஊர்வலத்து வேஷம் என்று வழியெல்லாம் ஜனங்கள் கும்பிட்டிருக்கிறார்கள்.

கடைசியில் திருடனிடம் திரும்பினார். "இவரை யாருன்னு நெனச்சே?"

"எமன்னு நெனச்சேன் சாமி. கை கால் வெலவெலத்துப் போச்சு."

"பெல்ட்டைப் பார்த்துமா போலீஸ்னு தோணல?"

"போலீஸ்னு தோணியிருந்தா ஓடியிருப்பேனே சாமி!"

ஸ்டேஷனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார். கண்ணெதிரே திருடுகிறவனை யாரும் பிடிக்கலாம், உடனே ஒப்படைத்துவிட வேண்டும், கை வைக்கக் கூடாது என்று விளக்கினார். போலீஸ் என்று யாரும் ஏமாறாததால் பெல்ட்டைப் பெரிதுபடுத்தப் போவதில்லை என்றும் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மகராசனைக் கும்பிட்டே விட்டேன்.

"எமன் சர்க்கார் உத்தியோகத்துல இல்லீங்க, பெல்ட்டைக் கழட்டிட்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள்

ராகவன் உடையைத் திருப்பிக் கொண்டுவந்தார். தெருவே பாராட்டியதாம், பக்கத்து வீட்டில் பாயசமாம். ஆனாலும் முகத்தில் களை இல்லை. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மனைவி ஒரு வாரம் கழித்து வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாராம்.

"பக்கத்து வீட்டு அண்டா வந்தாச்சு, எங்கம்மா குடுத்தது எங்கே?"

மறுபடியும் எமனைத் தர முடியுமா என்று அவர் இழுத்ததைக் காதில் வாங்காமல் மூட்டையைப் பரண்மேல் போட்டேன். சட்டம் எமனை மன்னித்துவிட்டாலும், அன்றிலிருந்து என் கடையில் காக்கியைப் போலவே எமனும் நான் துணைக்குப் போகாமல் வாசலைத் தாண்டுவதில்லை.