அக்காவின் காருக்குச் சிவப்பு மை

புதுக் கார் வாங்கிய ஏழாம் நாளே அக்கா அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். பின் சீட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். ஏறினேன் என்று சொல்வதுகூடப் பொய். அந்தக் காரின் பின் சீட்டில் ஏற முடியாது, மடிந்துதான் போகவேண்டும்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக் காரில் அவள் இடம் ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட். காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். அவர்கள் ஓட்டினார்கள், இவள் உட்கார்ந்திருந்தாள், அதுவும் மணிக்கு முப்பது கிலோமீட்டரில்.

"ஒரு நாள் நான் ஓட்டணும்டா. பக்கத்துல ஒருத்தர் சும்மா உட்கார்ந்து வரணும்" என்று என் அச்சகத்துக்கு வரும்போதெல்லாம் சொல்வாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அச்சகத்துக்கு அவள் வருவது மாணவர் அட்டை அடித்து வாங்க. ஆளுக்கு ஓர் அட்டை. ஒரு பக்கம் 'நன்று', மறுபக்கம் 'திருத்துக'. நீல மையில் எத்தனை குறை விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். சிவப்பு மையில் ஒன்றே ஒன்று விழுந்தாலும் அந்த ஆளைத் தேர்வுக்கு அனுப்ப மாட்டாள். கெஞ்சினாலும் சரி, பெரிய இடத்திலிருந்து சொல்லி அனுப்பினாலும் சரி, அசைந்து கொடுக்க மாட்டாள்.

பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கார் விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா உடனே காருக்கும் ஓர் அட்டை போட்டாள்.

முதல் நாளே கூத்து. சாவியைக் கையில் கொடுத்ததும் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்த நெம்புகோலை நாலு தடவை இழுத்து சீட்டை உயர்த்தினாள், பெல்ட்டை மாட்டினாள், ரோட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள். விற்பனையாளர் தயங்கித் தயங்கி, "மேடம், வண்டியை யார் எடுக்கப் போறாங்க?" என்று கேட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பாவத்துக்குத்தான் பின் சீட் கிடைத்தது போல.

மூன்று நாளில் 'நன்று' பக்கம் நிரம்பிவிட்டது. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வளைவில் தரையை விடாமல் ஒட்டிப் போகிறது. பிரேக் தொட்டால் நிற்கிறது. மூன்றாம் கியருக்குப் போகும்போது தொண்டையைச் செருமுகிறது, அது அழகு. சீட்டோரம் சிவப்பு நூல் தையல். எதற்கென்று தெரியவில்லை, பிடித்திருக்கிறது.

குறைகளும் உண்டு. வேகத்தடையில் வயிறு உரசுகிறது. ரிவர்ஸ் எடுத்தால் பின் கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது. டிக்கி பெரிது, வாய் சின்னது. சலவைக் கூடை உள்ளே போகவில்லை. தம்பியின் முழங்கால் மோவாயை இடிக்கிறது. எல்லாமே நீல மை. என் முழங்காலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

சிவப்பு மை விழுந்தது நாலாம் நாள், மாமாவால். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். மருந்துக்கடையில் வேலை. மேல் தட்டு மருந்தை ஏணி இல்லாமல் எடுக்கிற உயரம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டியது. தலையைச் சாய்த்தபடியே மூன்று நாள் போய்வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. கடையில் சாய்ந்த தலையோடு மருந்துச் சீட்டைப் படித்தார். வந்தவர்களும் தலையைச் சாய்த்துக்கொண்டு அவரோடு பேசினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் பஸ்ல போய்க்கறேன், நீ காரை வச்சுக்கோ" என்றார் மாமா.

"பக்கத்துல நீங்க இல்லாம எனக்கு எதுக்குங்க கார்?" என்றாள் அக்கா. அட்டையில் சிவப்பு மையில், 'அவர் தலை இடிக்கிறது' என்று எழுதினாள். திருப்பிக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது.

ஏழாம் நாள், தலை சாய்ந்த மாமாவைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, அதே முப்பது கிலோமீட்டரில் உருட்டிக்கொண்டு போனாள். எனக்கு மனசே கேட்கவில்லை. தனக்கென்று இதுவரை அவள் எதையும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. ஆசைப்பட்ட ஒன்றையும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள்.

கடைசி சிக்னலில் நின்றோம். எதிர்ப்பக்கம் கார்க்கடை. மாமா மாற்றுச் சாவியைத் தயாராகக் கையில் எடுத்தார். அது நழுவி சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தது. சாய்ந்த தலையோடு அவர் துழாவ, கையில் அகப்பட்டது நெம்புகோல். அழுத்தினார். சீட் கொஞ்சம் இறங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி இறங்கியது. நாலாவது அழுத்தலில் மாமாவின் தலை நேராக நின்றது.

"என்னடா இது, கூரை மேல போயிடுச்சு?" என்றார்.

எனக்குப் பளிச்சென்று முதல் நாள் ஞாபகம் வந்தது. "அக்கா, அதை ஏத்தி வச்சதே நீதான். நாலு இழுப்பு. நான் பார்த்தேன்."

பள்ளிக் காரில் முன்னால் ரோடும் கீழே மாணவரின் காலும் ஒருசேரத் தெரியவேண்டும் என்று அக்கா சீட்டை உச்சத்தில் வைத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகவே செய்திருக்கிறது. மெல்லக் கையை நீட்டி மாமாவின் தலைக்கும் கூரைக்கும் நடுவே வைத்துப் பார்த்தாள். நாலு விரல் தாராளமாகப் போனது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கடை வாசலில் விற்பனையாளர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அக்கா திரும்பவில்லை. நேராக விட்டாள். மூன்றாம் கியரில் கார் தொண்டையைச் செருமியது, நாலாவதில் பறந்தது. அக்கா சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன், இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்கு முழங்கால்கூட வலிக்கவில்லை. பொய், வலித்தது.

ஊர் எல்லை தாண்டி ஓரமாக நிறுத்தினாள். அட்டையை எடுத்துச் சிவப்பு வரியை அடிக்கப் போனாள். மாமா பேனாவை வாங்கி, தானே அடித்தார். அதன் கீழே அதே மையில் ஒரு வரி எழுதினார்: 'ஓட்டுநர் இன்னும் பக்கத்து சீட்டை விட்டு எழுந்து வரவில்லை.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் ஃபெயிலா?"

"ஆமா. தினமும் ஓட்டிப் பழகணும்" என்றார் மாமா. "நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்து வரேன்."

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினார்.